கருப்பனுக்கு நேர்ந்த பாட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மாரிக்கனி எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? உங்கள் காதைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. பீரங்கிப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்த காது, போனில் என் குரலுக்கா திறக்கப் போகிறது. அதனால் உங்கள் பட்டாளத்துக் காலம் மாதிரியே கடிதம். பக்கத்து ஊருக்குப் போடுகிற கடிதம் மதுரையைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை.

விஷயம் இதுதான். சேத்தூர்ப் பக்கம் நம் கருப்பசாமிக்கு இந்தச் சித்திரையில் கொடைத் திருவிழா வைக்கிறார்களாம். முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகள் போட்ட வழக்கு இத்தனை வருஷம் இழுத்து ஒருவழியாக முடிந்துவிட்டது. உங்களுக்கும் சேதி வந்திருக்கும். சாமியாடி நீங்கள்தானே.

நீங்கள் 2000-ஆம் வருஷம் லீவில் வந்தபோது, ஆபீசர் மெஸ்ஸிலேயே உசந்த பாட்டிலாக ஒன்று வேண்டும் என்று உங்களிடம் கேட்டு வாங்கினேனே, நினைவிருக்கிறதா? கழுத்தில் தங்கத்தாள் சுற்றிய ஷாம்பெயின் பாட்டில். மாப்பிள்ளை என்றைக்கோ அதைக் காலி செய்திருப்பார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. அதைக் கருப்பசாமிக்கு நேர்ந்து, நெல் கொட்டி வைக்கிற குலுக்கைக்குள் படுக்கப் போட்டு வைத்திருக்கிறேன். கொடையில்தான் கொடுக்க வேண்டும் என்று நேர்ந்தது. கொடையே நின்றுபோனதால் அதுவும் நெல்லுக்குள்ளேயே கிடந்துவிட்டது.

இப்போது எனக்கு ஒரே பயம். கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? கெட்டதைச் சாமிக்கு வைக்கக் கூடாது. அதோடு, சாமி குடித்தாலும் இறங்குவது உங்கள் வயிற்றில்தானே. திறந்து பார்க்கவும் முடியாது, எச்சில் பட்டது ஆகாது. படையலைச் சாமியாடி முன்கூட்டியே கண்ணால் காணக் கூடாது என்பதால் உங்களிடம் கொண்டுவந்து காட்டவும் வழியில்லை. மூடி திறக்காமலே நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி எழுதுங்கள். மெஸ் ஹவில்தாராக இருந்தவருக்குத் தெரியாததா.

மதினிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை
மாரிக்கனி


ராஜபாளையம்
9.12.2024

அன்புத் தங்கை கனிக்கு,

அண்ணன் உக்கிரபாண்டியின் ஆசி. இங்கே நலத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் உன் மதினி மாடத்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "என்ன, ஒத்தையில இப்பிடிச் சிரிக்கீய?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவளும் உட்கார்ந்து சிரித்தாள்.

பிரான்சு தேசத்துச் சரக்கு அது. எங்கள் கர்னல் மாற்றலாகிப் போகும்போது என் கையைப் பிடித்துக் கொடுத்தது. மாப்பிள்ளை அதைக் குடித்துவிட்டு நன்றாயிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இத்தனை வருஷமும் மனசுக்குள் ஒரு குறை வைத்திருந்தேன். பாவம் மனுஷன், நெல்லுக்குள் ஷாம்பெயினை வைத்துக்கொண்டு வெறும் மோர் குடித்திருக்கிறார்.

சரி, கேள். குலுக்கையில் போட்டது நல்ல வேலை. இருட்டும் குளிர்ச்சியும் அதற்கு வேண்டும். அலமாரியில் வெளிச்சம் பட வைத்திருந்தாயானால் இந்நேரம் கீழே ஊற்றிவிடு என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது அதை மெதுவாக எடு, குலுக்காதே. ஒரு நாள் நிமிர்த்தி வை. பிறகு அறையை இருட்டாக்கி, பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார். சரக்கு கழுத்து வரைக்கும் நிற்க வேண்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். நிறம் தேன் மாதிரி மாறியிருந்தால் பயப்படாதே, வயசானால் அப்படித்தான் ஆகும். கருப்பட்டித் தண்ணீர் மாதிரி இருந்தால் போச்சு. அடியில் கொஞ்சம் மண்டி இருக்கலாம், மொத்தமும் கலங்கியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கழுத்தை நன்றாகப் பார். கார்க்கைச் சுற்றிக் கம்பி கட்டியிருக்கும். அந்தப் பக்கம் கசிந்து காய்ந்த தடம் எதுவும் இருக்கக் கூடாது.

இவ்வளவு பாடும் எதற்கு? கடையில் ஒரு பிராந்தி வாங்கி வைத்தால் கருப்பசாமி வேண்டாமென்றா சொல்லப் போகிறார். அது போகட்டும், யாருக்காக நேர்ந்தாய்? உன் மகனுக்காகவா? அதைச் சொல்லவே இல்லையே நீ.

அண்ணன்
உக்கிரபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கனியின் வணக்கம். மார்கழிக் குளிர் தவிர இங்கே வேறு தொந்தரவு இல்லை. அங்கேயும் குளிரா? தலையில் துண்டு கட்டாமல் காலையில் நடக்கப் போக வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி எடுத்து வைத்து, நெல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். உங்கள் மாப்பிள்ளை வெளியே நின்று, "ஏட்டி, உள்ள என்ன செய்யுத?" என்று கேட்டார். எலி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். "எலிக்கு டார்ச்சா?" என்றார். அவருக்கு அந்தப் பாட்டிலின் மேல் எப்போதும் ஒரு கண். கல்யாண வீடு, பொங்கல், தீபாவளி என்று எது வந்தாலும், "மச்சான் குடுத்தது ஒண்ணு உள்ள கெடக்கே" என்பார். நான் காது கேட்காத மாதிரி போய்விடுவேன். அந்த வித்தை உங்களிடம் கற்றதுதான்.

சரக்கு கழுத்து வரைக்கும் நிற்கிறது. பச்சைக் கண்ணாடி என்பதால் நிறம் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் தேன் என்றுதான் சொல்ல வேண்டும். படுக்கப் போட்ட பக்கம் கோடு இழுத்தது மாதிரி கொஞ்சம் மண்டி. கலங்கல் இல்லை. ஆனால் கழுத்தில் ஒன்று இருக்கிறது. தங்கத்தாள் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகக் காரை போல அடை அடையாகப் படிந்து காய்ந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அது என்ன என்று எழுதுங்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

பிராந்தி ஆகாது. யாரும் வைக்காத பாட்டில் என்று சொல்லித்தான் நேர்ந்தேன். யாருக்காக என்பதை நேர்ச்சை முடிவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அதனால் கேட்காதீர்கள்.

மதினியைத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள்.

தங்கை
மாரிக்கனி


ராஜபாளையம்
28.12.2024

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் இருக்கிறோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் அடை படிந்திருக்கிறது என்றால் கார்க் தளர்ந்து கசிந்திருக்கிறது. வெளியே வந்தது காய்ந்து படியும், உள்ளே காற்றுப் புகும். மெஸ்ஸில் இப்படி நான் எத்தனையோ பார்த்து ஒதுக்கி வைத்திருக்கிறேன். குடித்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் புளித்துக் காடியாக இருக்கும். உன் சாமிக்குக் காடியை வைக்காதே. விட்டுவிடு கனி. பாட்டில் பழையதாகிவிட்டது என்று சாமியிடமே சொன்னால் போதும்.

இன்னொன்று. இந்தத் தடவை நான் ஆடவில்லை. சின்னக்கருப்பனை ஆடச் சொல்லியிருக்கிறேன். நம் பங்காளி வீட்டுப் பையன், நல்ல தெம்பு. எனக்கும் வயசாகிறது. அருவாளைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற காலம் போய்விட்டது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.1.2025

அண்ணனுக்கு,

கனி. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாட்டில் கெட்டுப்போனது என்று எழுதியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீங்கள் ஆடவில்லை என்று எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. போன சிவராத்திரிக்குக்கூட ஆடினீர்கள். உங்களைப் பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது. அதற்குள் என்ன வயசாகிவிட்டது? சின்னக்கருப்பன் நல்ல பையன்தான். ஆனால் அவன் கையில் இந்தப் பாட்டிலைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், சொல்ல முடியாது.

உடம்புக்கு ஏதாவதா அண்ணா? ஒளிக்காமல் எழுதுங்கள். பொங்கலுக்கு மதினியைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை வாருங்கள். பாட்டிலை மறுபடியும் குலுக்கைக்குள் போட்டு மூடிவிட்டேன். ஊற்றவில்லை.

தங்கை
மாரிக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.2.2025

மச்சான் அவர்களுக்கு,

சௌந்தரபாண்டியன் வணக்கம். நான் கடிதம் எழுதி உங்களுக்குப் பழக்கமில்லை, எனக்கும்தான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இங்கே நானும் மாடு கன்றுகளும் சுகம். உங்கள் தங்கை சுகமில்லை. பொங்கலுக்கும் நீங்கள் வரவில்லை, கடிதமும் போடவில்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறாள், வெறுங்கையோடு திரும்பி வந்து என்மேல் எரிந்து விழுகிறாள். நேற்று ரசத்தில் உப்பில்லை. நான் சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

மாடத்தி அக்காவை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வயிற்றுப் புண்ணுக்கு நீங்கள் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததையும், மதுவைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதையும் சொன்னார். கனிக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தையும் அவள் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். அது கசிவு இல்லை மச்சான். அது என் கைவேலை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, கதிரரிவாள், மோட்டார் எல்லாவற்றுக்கும் விபூதியும் சந்தனமும் வைக்கிறேன் அல்லவா. அப்படியே குலுக்கைக்குள் கையை விட்டு அந்தப் பாட்டில் கழுத்திலும் கொஞ்சம் அப்பிவிடுவேன். பழைய பூச்சின்மேலேயே புதுப் பூச்சு. இத்தனை வருஷத்தில் காரையாகத்தான் ஆகும்.

எனக்கு அது யாருக்கான பாட்டில் என்று தெரியும். கார்கில் சண்டை நடந்த வருஷம் உங்களிடமிருந்து கடிதமே வராத சமயம், கோவிலில் நின்று வாய்விட்டு வேண்டினாள். நான் ஆலமரத்துக்குப் பின்னால் பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றேன். "கருப்பா, எங்கண்ணனத் திருப்பிக் குடுத்திரு. இந்த ஜில்லாவுல ஒருத்தரும் உனக்கு வைக்காத பாட்டில வைக்கேன்" என்றாள். உங்கள் உயிருக்கு நேர்ந்த பாட்டிலில் நான் எப்படி வாய் வைப்பேன். திறக்கச் சொல்லிக் கேட்பதெல்லாம் அவளைச் சீண்டத்தான்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தால் நேர்ச்சை பலிக்காது என்று அழுவாள். அதனால் சந்தனம் என்று நானாகப் போய்ச் சொல்லவும் வழியில்லை. நீங்களே ஏதாவது எழுதிச் சரிசெய்யுங்கள். நீங்கள் ஆட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உடம்புதான் முக்கியம்.

இப்படிக்கு
சௌந்தரபாண்டியன்


ராஜபாளையம்
25.2.2025

மாப்பிள்ளைக்கு,

உக்கிரபாண்டி வணக்கம். வயிற்றுப் புண் ஆறிவருகிறது. தயிர்ச் சோறும் இட்லியும் தின்று நாக்கு செத்துக் கிடக்கிறது, மற்றபடி சுகம்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று தயிர்ச் சோறும் வேண்டாமென்று படுத்துவிட்டேன். மாடத்தி பயந்து, மறுபடியும் மதுரைக்குப் போவோமா என்று கேட்டாள். அந்தக் கார்கில் மலையில் எங்களுக்குப் பேப்பரும் பேனாவும் இருந்தது மாப்பிள்ளை. எழுத மனசுதான் இல்லை. என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன். இங்கே ஒருத்தி கோவிலில் நின்றுகொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று டாக்டரிடம் போனேன். கொடை என்றால் என்ன என்று முதலில் அவருக்கு விளக்கினேன். பிறகு, "சார், ஒரு வாய்?" என்றேன். முறைத்தார். மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "ஒரே ஒரு வாய், சாப்பிட்ட பொறவு" என்றார். சாமியாடி சாப்பிட்டுவிட்டு ஆட முடியாது என்று நான் சொல்லவில்லை. ஒரு டம்ளர் பாலைக் குடித்துக்கொள்கிறேன்.

சின்னக்கருப்பனிடம் பேசிவிட்டேன். சந்தோஷமாக விட்டுக்கொடுத்தான். உங்கள் சந்தன விஷயம் என்னோடு இருக்கட்டும்.

உக்கிரபாண்டி


ராஜபாளையம்
1.3.2025

அன்புத் தங்கை கனிக்கு,

அண்ணனின் அன்பு. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள். வயிறு சரியில்லாமல் மதுரையில் படுத்திருந்தேன், நீ பதறுவாய் என்று மறைத்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். டாக்டரும் கொடைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

பாட்டில் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஒன்று செய். ஈரத் துணியால் அந்த அடையைத் துடைத்துப் பார். கசிந்த சரக்கு என்றால் இனிப்பு, பிசுபிசுவென்று ஒட்டும். அப்படி ஒட்டாமல் சுண்ணாம்பு மாதிரி கரைந்து வந்தால் உள்ளே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடைக்கு அடியில் கம்பியும் கார்க்கும் இறுகி இருக்கிறதா என்று பார்த்து எழுது.

சரியாக இருந்தால், கொடையன்று காலையிலேயே மண்பானைத் தண்ணீரில் இறக்கி வை. கோவிலுக்கு ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவா. சூடாக இருந்தால் திறக்கும்போது கார்க் எவன் மூக்கையாவது பதம் பார்த்துவிடும்.

நான்தான் ஆடுகிறேன். கொடுப்பதை என் கையில் கொடு.

அண்ணன்
உக்கிரபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கனி எழுதுகிறேன். முதலில் உங்கள்மேல் உள்ள கோபத்தை எழுதிவிடுகிறேன். வயிற்றுப் புண் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன பறந்தா வந்திருப்பேன்? பஸ்ஸில்தான் வந்திருப்பேன். இனிமேல் மறைத்தால் பேச மாட்டேன். கோபம் முடிந்தது. மணத்தக்காளி வற்றல் கொடுத்தனுப்புகிறேன், புண்ணுக்கு நல்லது.

துடைத்தேன் அண்ணா. பிசுபிசுப்பு கொஞ்சமும் இல்லை. அப்படியே கரைந்து வந்தது. அடியில் தங்கத்தாள் புதுசு மாதிரி மின்னுகிறது. கம்பி இறுக்கமாக இருக்கிறது. துடைத்த துணியை மோந்து பார்த்தேன், சந்தன வாசனை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நெல் குலுக்கைக்குள் சந்தனம் எப்படி வரும்? கருப்பசாமியே அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "இருக்கும், இருக்கும்" என்று தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவருக்கு எதிலும் பக்தி கிடையாது.

அண்ணா, எனக்கு மனசு நிறைவாக இருக்கிறது. மதினிக்கு அன்பு.

மாரிக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கனியின் வணக்கம். கொடை முடிந்த அலுப்பு தீர்ந்ததா? வயிறு எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுதுங்கள்.

நீங்கள் கொடுத்த மிச்சத்தை எல்லோருக்கும் ஒரு கரண்டி ஒரு கரண்டியாகப் பிரசாதம் ஊற்றினோம். உங்கள் மாப்பிள்ளை வரிசையில் இரண்டு தடவை வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "சர்பத்துல சோடா ஊத்தி, சோடா போனது மாதிரி இருக்கு. இதுக்கா இம்புட்டு வருசம் காவல் காத்த?" என்றார். அந்த நாக்கை நம்பி நான் என்ன முடிவுக்கு வர முடியும். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், குடிக்கவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நல்லதைத்தான் வைத்தேனா அண்ணா? சாமி குடித்ததைப் பற்றி ஆடியவர் வாய் திறக்கக் கூடாது என்பது நம் கோவில் கட்டுப்பாடு. இருந்தாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

தங்கை
மாரிக்கனி


ராஜபாளையம்
12.5.2025

என் அன்புத் தங்கை கனிக்கு,

அண்ணன் நலம். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. டாக்டருக்குப் பால்கோவா கொடுத்துவிட்டு வந்தேன், நீ இந்தத் தடவை வற்றலோடு அனுப்பியது.

கட்டுப்பாட்டை மீறாமலே உனக்குப் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் அதைக் குடித்தது சாமி இல்லை.

உறுமி அடிக்கும்போது சாமி வந்தார். அருவாளைத் தூக்கியபோதும் இருந்தார். நீ ஈரச் சாக்கைப் பிரித்து நீட்டினாய். கம்பியை முறுக்கி எடுத்தேன். கார்க் பாதியில் உடைந்துவிடுமோ என்று பயந்தேன், பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு முழுசாக வந்துவிட்டது. பீடத்தில் ஊற்றினேன். கொஞ்சம் நுரை எழும்பி அடங்கியது. அதோடு அவர் பங்கு சரி. பிறகு பாட்டிலைத் தூக்கும்போது உன்னைப் பார்த்தேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பாட்டிலையே பார்த்தபடி நின்றாய். எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது. சாமி மலையேறிவிட்டார். மேளம் அடிக்கிறது, இத்தனை கூட்டம் பார்க்கிறது, நான் சும்மா உன் அண்ணனாக நிற்கிறேன். அப்படியே ஒரு வாய் குடித்தேன்.

நன்றாக இருந்தது கனி. கிஸ்மிஸ் திராட்சையை ஊற வைத்த தண்ணீர் மாதிரி, கடைசியில் வறுத்த கடலை வாசனையோடு. லேசான புளிப்பு. காடி இல்லை. நாக்கில் ரெண்டு மூணு குமிழி உயிரோடு இருந்தது. கர்னல் இருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்.

யாருக்காக நேர்ந்தாய் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை சொன்னார். அவரோடு சண்டை போடாதே. சந்தனம் பூசியதும் அவர்தான், உன்னைவிட பக்தியான மனுஷன். எனக்காக இத்தனை வருஷம் இதை நீ காத்துவைத்திருந்தாய், நான் உன்னைப் பிராந்தி வாங்கச் சொன்னேன்.

என் கவலை இதுதான். சாமி குடிக்க வேண்டியதை நான் குடித்துவிட்டேன். நேர்ச்சையில் குறை விழுந்துவிட்டதா? விழுந்தது என்றால் சொல், அடுத்த கொடைக்கு என்ன செய்ய வேண்டுமோ செய்கிறேன்.

உன் அண்ணன்
உக்கிரபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கனி எழுதுகிறேன். நாங்கள் சுகம். உங்கள் மாப்பிள்ளையோடு சண்டை போடவில்லை. சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினேன். "என்னட்டி, இன்னைக்கு என்ன விசேசம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

சாமி மலையேறியது எனக்கு அப்போதே தெரியும். பாட்டிலை வாங்கும்போது "ஏட்டி, கொண்டா" என்று அதட்டிய வாய், குடித்து முடித்ததும், "கனி, நீ ஏதும் சாப்பிட்டியா?" என்று கேட்டது. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கருப்பசாமி இதுவரைக்கும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. நான் அழுததைப் பார்த்துவிட்டு, அருள் வந்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு விபூதி பூசினார்கள்.

குறை ஒன்றும் இல்லை அண்ணா. அண்ணனைத் திருப்பிக் கொடு என்றுதான் அவரிடம் கேட்டேன். கொடையன்றைக்கு எல்லோர் முன்னாலும் கொடுத்துவிட்டு மலையேறிப் போய்விட்டார்.

மதினியைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள்.

தங்கை
மாரிக்கனி